நகரும் கற்கள்: 2014-லேயே விடை வந்த பிறகும் ஏன் இன்னும் "விஞ்ஞானிகள் திணறல்"?

வெயிலுகந்தான் எழுதியது:

அந்தக் காணொளியை மறுபடி சுற்றில் விட்டிருக்கிறார்கள். "பாலைவனத்தில் தானே நடக்கும் பாறைகள், விஞ்ஞானிகளே திணறும் மர்மம்." எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா ஒருமுறை, மாமா ஒருமுறை அனுப்பிவிட்டார்கள். படங்களில் பொய்யில்லை. வெடித்துக் காய்ந்த களிமண் தரை, அதில் ஒரு கறுத்த கல், கல்லுக்குப் பின்னால் வெகுதூரம் நீளும் தடம். பக்கத்தில் காலடியும் கிடையாது, டயர் தடமும் கிடையாது. பொய் இருப்பது தலைப்பில் மட்டும்தான்.

இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ரேஸ்டிராக் பிளாயா என்று பெயர். வற்றிப்போன ஏரிப்படுகை, வடக்கு தெற்காக நாலரை கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டர். சமதளம் என்றால் அப்படியொரு சமதளம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உயர வித்தியாசம் வெறும் 4 செ.மீ. அதுவும் தெற்குப் பக்கம்தான் தாழ்வு. கற்களோ பெரும்பாலும் தெற்கு முனையில் உள்ள டோலமைட் என்ற பாறையாலான குன்றிலிருந்து உருண்டு விழுந்து, அங்கிருந்து வடக்கே போயிருக்கின்றன. ஆகவே "சரிவில் வழுக்கியிருக்கும்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

2013 டிசம்பர் 20 அன்று மனிதர்கள் கரையில் நின்று இந்தக் கற்கள் நகர்வதைக் கண்ணால் பார்த்தார்கள். 2014 ஆகஸ்டில் பிளாஸ் ஒன் ஆய்விதழில் கட்டுரை வந்தது. காரணம் மெல்லிய பனிக்கட்டித் தகடு, கொஞ்சம் தண்ணீர், சாதாரணக் காற்று. விவரம் தெரிந்தவர்கள் வந்து எழுதுங்கள். அடுத்த முறை காணொளி வந்தால் இந்த இழையின் சுட்டியை ஒட்டிவிட்டுப் போய்விடலாம்.

---

மின்மினி எழுதியது:

டெத் வேலியில பனிக்கட்டியா? உலகத்திலேயே அதிக வெப்பம் பதிவான இடம் அதுதானே? எங்க பாடப்புத்தகத்துலயே 56.7 டிகிரி செல்சியஸ்னு இருந்துச்சு. தண்ணியே கிடைக்காத இடத்துல ஐஸ் எங்கேருந்து வரும்?

---

வெயிலுகந்தான் எழுதியது:

நியாயமான கேள்வி, மின்மினி. 56.7 டிகிரி பதிவானது 1913 ஜூலை 10-ல், ஃபர்னஸ் க்ரீக்கில். அது பள்ளத்தாக்கின் அடிப்பகுதி, கடல் மட்டத்துக்கும் கீழே. அதே பூங்காவில் பேட்வாட்டர் என்ற இடம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. ரேஸ்டிராக் பிளாயா இருப்பதோ மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் உயரத்தில். நம் ஏலகிரி உயரத்துக்கு அருகில் வரும். ஆனால் அட்சரேகை நம்மைவிட ரொம்ப வடக்கு, காற்றிலும் ஈரம் கிடையாது. குளிர்கால இரவுகளில் தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே சர்வசாதாரணமாகப் போய்விடும்.

தண்ணீர்தான் அங்கே அரிது. ஆண்டு மழை 75 முதல் 100 மி.மீ.க்குள். ஆனால் பெய்தால் நாலு பக்க மலையிலிருந்தும் ஓடி வந்து இந்தத் தட்டையில் நிற்கும். களிமண் தரை, உள்ளே இறங்காது.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

எல்லாரும் 2014 கட்டுரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்கள். சரி, நான் ஒன்று கேட்கிறேன். 1970-களில் பாப் ஷார்ப், டுவைட் கேரி என்ற இரண்டு புவியியலாளர்கள் இதே பனிக்கட்டி யோசனையைக் களத்திலேயே சோதித்தார்கள். ஒரு சின்னக் கல், எடை அரை கிலோவுக்கும் கம்மி. அதைச் சுற்றி 1.7 மீட்டர் விட்டத்தில் வட்டமாக ஏழு கம்பிகளை நட்டார்கள். பனித்தகடுதான் கல்லைத் தள்ளுகிறது என்றால் தகடு கம்பியில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கல்லும் வேலிக்குள்ளேயே கிடக்க வேண்டும். கல் என்ன செய்தது தெரியுமா? ஒரு கம்பியை உரசுகிற மாதிரி நழுவி வெளியே போய் 8.5 மீட்டர் தள்ளி நின்றது. 

பிறகு இன்னும் கனமான இரண்டு கற்களை உள்ளே வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து ஒன்று அதே திசையில் வெளியேறியது. பக்கத்துக் கல் அசையவே இல்லை. ஒரே பனித்தகடு, ஒன்றைத் தள்ளி இன்னொன்றை விட்டுவிடுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு "வழக்கு முடிந்தது" என்று பலகை மாட்டுங்கள்.

---

மண்வாசகர் எழுதியது:

சந்தேகப்பேர்வழி தொட்டிருப்பது சரியான இடம். அந்த வேலிச் சோதனைதான் பனிக்கட்டிக் கருத்தை இருபது வருடம் ஓரங்கட்டி வைத்தது. ஆனால் அதற்கு முந்தைய கதையும் தெரிந்தால்தான் அவர்கள் ஏன் அப்படிச் சோதித்தார்கள் என்பது பிடிபடும். கல்லூரியில் புவியியல் படித்த பழக்கம், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1948-ல் மெக்அலிஸ்டர், ஆக்னியூ என்ற இருவர் அந்தப் பகுதியின் பாறைகளை வரைபடமாக்கப் போனார்கள். தடங்களைப் பற்றி ஆய்விதழில் எழுதிய முதல் ஆட்கள் இவர்கள்தான். புழுதிச் சுழற்காற்றாக இருக்கலாம் என்றார்கள். 1952-ல் கிளெமெண்ட்ஸ் என்பவர் பக்கத்து நெவாடா மாநிலத்தில் லிட்டில் பானி கிளேர் என்ற இன்னொரு பிளாயாவில் இதே மாதிரித் தடங்களைப் பார்த்து, காற்றுதான் என்று எழுதினார். 1955-ல் ஜார்ஜ் ஸ்டான்லி வந்து, காற்று மட்டும் போதாது, பனித்தகடு வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது தடித்த தகடு. கற்கள் அதில் பதிந்து உறைந்து, தகட்டோடு சேர்ந்து மிதந்து இழுபடும் என்ற கற்பனை.

ஷார்ப்பும் கேரியும் 1972-ல் தொடங்கி ஏழு வருடம் கண்காணித்தார்கள். புதுத்தடம் உள்ள 30 கற்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே பத்துக் கற்கள் இடம் மாறின. மேரி ஆன் என்ற கல் 64.5 மீட்டர் போயிருந்தது. ஏழு வருட முடிவில் 30-ல் 28 நகர்ந்திருந்தன. நான்சி என்று ஒன்று, ஆறரை செ.மீ. குறுக்களவுதான், கைக்குள் அடங்கிவிடும். அது மொத்தம் 262 மீட்டர் ஓடியிருந்தது. அதில் 201 மீட்டர் ஒரே குளிர்காலத்தில். அவர்கள் பார்வையில் நகர்ந்தவற்றில் பெரியது 36 கிலோ.

கவனியுங்கள், ஏழு வருடத்தில் ஒரு கல் நகர்வதைக்கூட யாரும் நேரில் பார்க்கவில்லை. போகும்போது ஓர் இடம், அடுத்த முறை போகும்போது வேறு இடம், அவ்வளவுதான்.

அவர்கள் வேலி நட்டது ஸ்டான்லியின் தடித்த தகட்டைச் சோதிக்க. அந்தத் தகடு இல்லை என்பதை நன்றாகவே காட்டினார்கள். ஆனால் "தடித்த தகடு இல்லை" என்பது "பனிக்கட்டியே தேவையில்லை" என்று படிக்கப்பட்டுவிட்டது. மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன். மருந்து வேளை.

---

யாழ்மைந்தன் எழுதியது:

ஐயா, கல்லுகளுக்கு ஏன் எல்லாம் பொம்பிளைப் பேராக் கிடக்கு? நான்சி, மேரி ஆன்...

---

வெயிலுகந்தான் எழுதியது:

அந்தக் காலத்து அமெரிக்கப் பழக்கம்தான். புயலுக்கும் 1979 வரை அட்லாண்டிக்கில் பெண் பெயர் மட்டும்தானே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரை அழிப்பதற்கும் சொல்லாமல் கிளம்பிப் போவதற்கும் பெண் பெயர். பிரமாதமான ரசனை.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கமுங்க. இதுல ஆராய்ச்சி எல்லாம் எனக்குத் தெரியாதுங்க, ஆனா விசைக் கணக்கு போடத் தெரியும். போட்டுப் பாத்தா யார் பக்கம் நியாயம்னு சட்டுனு தெரிஞ்சுபோகுது. எல்லாம் தோராயந்தானுங்க.

10 கிலோ டோலமைட் கல்லுன்னு வெச்சுக்குங்க. அது பக்கத்துக்கு 15 செ.மீ. உள்ள ஒரு கட்டி. அழுத்தற விசை 100 நியூட்டன். ஈரச் சேத்துல உராய்வு எண் 0.3-ன்னு எடுத்தா, இழுக்க 30 நியூட்டன் வேணும். காஞ்ச தரையில 0.7-ன்னா 70 நியூட்டன்.

இனி வெறும் காத்து. கல்லோட முகம் 0.0225 சதுர மீட்டர். அந்த முகத்துல 30 நியூட்டன் அடிக்கணும்னா காத்து மணிக்கு 170 கி.மீ. வேகத்துல வீசணும். காஞ்ச தரையில 260-க்கும் கிட்ட. அதுவும் தரையை ஒட்டின முதல் அரை அடியில. அந்த உயரத்துல காத்து எப்பவுமே மேலைவிட மந்தமாத்தான் இருக்கும். அப்படி ஒரு சூறாவளி அடிச்சா கல்லுக்கு முன்னாடி களிமண்ணே பேந்து போயிருக்குமுங்க.

இப்ப பனித்தகடு. 50 மீட்டருக்கு 50 மீட்டர் தகடு, காத்து வினாடிக்கு 5 மீட்டர். அதாவது மணிக்கு 18 கி.மீ., பட்டம் விடற காத்துதானுங்க. ஒரு சதுர மீட்டர் மேல அது உரசிட்டுப் போற விசை 0.06 நியூட்டன், ஒண்ணுமே இல்லாத மாதிரி. ஆனா பரப்பு 2,500 சதுர மீட்டர். பெருக்கினா 150 நியூட்டன். அஞ்சு கல்லைச் சேத்துத் தள்ளிரும். இதே காத்து தனிக் கல்லு மேல குடுக்கறது 0.3 நியூட்டன், இலையைக்கூட ஒழுங்கா நகத்தாது.

ஆக, எல்லாரும் பெரிய காத்தைத் தேடிட்டிருந்திருக்காங்க. தேட வேண்டியது பெரிய பரப்பைங்க.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது பிள்ளைவாள். ஆனால் அந்தத் தகட்டின் தடிமன் என்ன என்று கட்டுரையில் பாருங்கள்: 3 முதல் 6 மில்லிமீட்டர். அது 10 கிலோ கல்லில் மோதினால் கல் நகருமா, தகடு நொறுங்குமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதையும் போட்டுப் பாத்தேனுங்க. கல்லோட அகலம் 15 செ.மீ., தகடு 5 மி.மீ. மோதற பரப்பு 750 சதுர மில்லிமீட்டர். பனிக்கட்டி நசுங்க ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமாரா ஒரு நியூட்டன். வெயில்ல இளகிப் பாதியானாலும் 375 நியூட்டன் தாங்கும். நமக்கு வேணுங்கறது 30. பனிக்கட்டி வளைச்சாத்தான் சீக்கிரம் ஒடியும். விளிம்புல அழுத்தினா நல்லாத் தாங்குமுங்க. கனமான கல்லா இருந்தா நொறுங்கத்தான் செய்யும், நீங்க சொல்றது வாஸ்தவம்.

---

மண்வாசகர் எழுதியது:

விட்ட இடத்திலிருந்து.

பனிக்கட்டிக் கருத்து 1995-ல் மறுபடி எழுந்தது. ஹாம்ப்ஷயர் கல்லூரியின் ஜான் ரீட் தன் மாணவர்களோடு தடங்களை அளந்து, ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ள தடங்கள்கூட ஒரே வளைவு, ஒரே திருப்பம் கொண்டிருப்பதைக் காட்டினார். பல நூறு மீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தகடு இல்லாமல் இது நடக்காது என்றார். அடுத்த ஆண்டே பவுலா மெஸ்ஸினா ஜிபிஎஸ் கருவியோடு 162 கற்களின் தடங்களை வரைபடமாக்கினார். அவருக்குக் கிடைத்த படத்தில் எல்லாத் தடங்களும் அப்படி இணையாக இல்லை. ஆகவே காற்று, வழுவழுப்பான சேறு என்ற பக்கம் அவர் சாய்ந்தார். இருவரும் நேர்மையாக அளந்தவர்கள்தாம்.

ரால்ஃப் லோரன்ஸ் இதற்குள் வந்தது வேறு வாசல் வழியாக. சனிக்கோளின் டைட்டன் நிலவில் உள்ள ஏரிகளைப் படிப்பவர் அவர். டெத் வேலிக்கு வந்தது வானிலைக் கருவிகளோடு. கற்களைப் பார்த்ததும், வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, சின்னக் கல்லை வைத்து உறையவைத்துப் பார்த்தார். கல்லைச் சுற்றி உறைந்த அந்தப் பனிக் கழுத்துப் பட்டையோடு கல்லைக் கவிழ்த்து, அடியில் மணல் பரப்பிய தட்டுத் தண்ணீரில் விட்டு, வாயால் ஊதினார். கல் மணலில் கோடு கிழித்துக்கொண்டு போனது. 2011-ல் இதைக் கட்டுரையாகவும் எழுதினார்.

அதே காலத்தில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் ரிச்சர்ட் நோரிஸும், பொறியாளரான அவர் உறவினர் ஜேம்ஸ் நோரிஸும் ஒரு காரியம் செய்தார்கள். பூங்கா நிர்வாகம் அங்குள்ள கற்களில் துளையிட அனுமதி தரவில்லை. வெளியிலிருந்து 15 கற்களைக் கொண்டுவந்து, துளைத்து, நகர்ந்தால் மட்டும் பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி, பிளாயாவில் வைத்துவிட்டு வந்தார்கள். கரையில் ஒரு வானிலை நிலையம். பிறகு காத்திருப்பு. ஐந்து, பத்து வருடம்கூட ஆகலாம் என்றுதான் எண்ணியிருந்தார்கள். அறிவியலிலேயே சலிப்பூட்டும் சோதனை இதுவாகத்தான் இருக்கும் என்று லோரன்ஸே கேலி செய்தாராம்.

2013 நவம்பர் கடைசியில் மழையும் பனியும் விழுந்தன. டிசம்பரில் நோரிஸ்கள் இருவரும் போனபோது பிளாயாவின் தென்பகுதியில் குளம் நிற்கிறது. ஆழமான இடத்திலேயே 7 செ.மீ.தான். இரவில் மேலே கண்ணாடித் தகடு போல உறையும். டிசம்பர் 20, பகல் ஏறி வெயில் உறைத்ததும் குளம் முழுக்கப் பனி படபடவென்று வெடிக்கும் சத்தம். தகடு பெரிய பெரிய துண்டுகளாக உடைந்து, மெல்லிய காற்றில் நகரத் தொடங்கியது. கற்களும் கூடவே. நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர் வேகம். அன்று ஒரே நாளில் 60-க்கும் மேற்பட்ட கற்கள் நகர்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் ஒரு கல் பலமுறை நகர்ந்து மொத்தம் 224 மீட்டர் போயிருந்தது.

இப்போது வேலிக்கு வருகிறேன். ஸ்டான்லி நினைத்தது போலக் கல் மிதக்கவில்லை. லோரன்ஸின் டப்பாச் சோதனை போலப் பனிக் கழுத்துப் பட்டையும் தேவைப்படவில்லை. கல் சேற்றில் உட்கார்ந்தே இருந்தது, தகட்டின் விளிம்பு அதைத் தள்ளியது. இத்தனை மெல்லிய தகடு கம்பியில் மோதினால் உடைந்து, கம்பியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள சிறு கல்லை ஒரு துண்டு தள்ளினால் போதும். கனமான கல்லில் மோதிய தகடு நொறுங்கிக் குவியலாகும், கல் அப்படியே நிற்கும். நோரிஸ் குழுவினர் இதையும் பார்த்திருக்கிறார்கள்: அசையாத கல்லின் ஒரு பக்கம் பனிச்சில்லுக் குவியல், மறுபக்கம் தகடு கிழிந்து திறந்த தண்ணீர். ஆகவே வேலிக்குள் ஒன்று போய் இன்னொன்று நின்றதில் வியப்பில்லை. சந்தேகப்பேர்வழியின் கேள்விக்கு இதுவே என் பதில்.

---

மின்மினி எழுதியது:

அப்போ நூறு வருஷமா யாருமே பார்க்காதது ஏன்? அதுதான் எனக்கு உறுத்துது.

---

கலிபோர்னியாக் கருப்பன் எழுதியது:

நான் போயிருக்கேன் மின்மினி. போனா உங்களுக்கே புரியும். தார்ச்சாலை உபஹீபி எரிமலை வாய்கிட்ட முடிஞ்சிரும். அங்கேயிருந்து 43 கிலோமீட்டர் சரளைக்கல் பாதை. கல்லுன்னா உருண்டைக் கல் இல்ல, கத்தி மாதிரி கூர்ங்கல். வாடகை வண்டிக்காரன் குடுத்த டயரை நம்பிப் போனோம், பாதி வழியில பின் டயர் படுத்துருச்சு. கைப்பேசியில சிக்னல் ஒரு கோடு கூடக் கிடையாது. நடுவுல டீகெட்டில் ஜங்ஷன்னு ஒரு முக்கு. பெயர்ப்பலகை தெரியாத அளவுக்கு வர்றவன் போறவன் எல்லாம் டீக் கெட்டிலைத் தொங்கவிட்டிருக்கான். நேர்த்திக்கடன் மாதிரிதான். அங்க நின்னு ஸ்டெப்னி மாத்தினோம்.

இந்த ரோட்டுல மழை, பனி நேரத்துல எவன் போவான்? கல்லு நகர்றதோ சரியா அந்த நேரத்துலதான். போனாலும் ஈரமா இருக்கும்போது பிளாயாவுல கால் வைக்கக் கூடாதுன்னு விதி. கால் வச்சா அந்தத் தடம் வருஷக்கணக்குல அப்படியே நிக்கும். எல்லாம் காஞ்சதுக்கப்புறம் நம்ம போறோம். ஐஸும் இல்ல, தண்ணியும் இல்ல, கல்லும் கோடும் மட்டும் கிடக்கு. செத்தவன் வீட்டுக்குப் பதினாறாம் நாள் போன மாதிரி.

வடக்குப் பக்கம் கிராண்ட்ஸ்டாண்டுன்னு ஒரு கரும்பாறைத் தீவு நிக்குது. எல்லாரும் அதுலயே வண்டியை நிறுத்தி ஏறிப் படம் எடுத்துட்டு, "கல்லே காணோம்"னு திரும்பிர்றாங்க. கல்லு கிடக்குறது தெற்குக் கோடியில, இன்னும் மூணு கிலோமீட்டர் தள்ளி. இது தெரியாமப் போய் ஏமாந்தவங்க ஏராளம்.

எனக்கு ஒண்ணு மனசுல நின்னுச்சு. ரெண்டு கல்லு, நடுவுல நல்ல இடைவெளி. ரெண்டு தடமும் நேரா வந்து, ஒரே இடத்துல வளைஞ்சு, ஒரே மாதிரி திரும்பியிருக்கு. சொல்லி வச்சு நடந்த மாதிரி. தடம் மட்டும் இருந்து நுனியில கல்லே இல்லாததும் பார்த்தேன். எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். வீட்டுல கொண்டுபோய் வச்சா நகரும்னு நினைச்சான் போல. 2016-ல ஒருத்தன் பிளாயா மேலேயே காரை ஓட்டி, பல மைல் நீளத்துக்கு டயர் கோடு போட்டுட்டான். அந்தக் கோடும் லேசுல அழியாது.

---

வெயிலுகந்தான் எழுதியது:

கருப்பன் சொன்னதோடு இன்னொன்று. நேரில் நின்றாலும் கண்ணுக்குப் பிடிபடாமல் போகலாம். தகடும் நகர்கிறது, அதிலுள்ள கற்களும் அதே வேகத்தில் நகர்கின்றன. தூரத்தில் கரையில் நிற்பவருக்கு எதை வைத்து ஒப்பிடுவது? பக்கத்தில் ஒரு கல் அசையாமல் நின்றால்தான் மற்றது போவது தெரியும். நிமிடத்துக்குச் சில மீட்டர்தான் வேகம், சில நொடியோ சில நிமிடமோ நகர்ந்துவிட்டு நின்றுவிடும். இதற்கு முன்பே சுற்றுலாப் பயணிகள் யாராவது இதைப் பார்த்தும் உணராமல் போயிருக்கலாம் என்று ஜேம்ஸ் நோரிஸே சொல்லியிருக்கிறார்.

---

அகிலன்_77 எழுதியது:

பூமிக்கடியில் காந்தம் இருப்பதாக ஒரு சானலில் சொன்னார்கள். அப்புறம் வேற்றுக்கிரகவாசிகள் இறங்குதளம் என்றும்...

---

மண்வாசகர் எழுதியது:

டோலமைட் என்பது கால்சியம் மக்னீசியம் கார்பனேட். காந்தம் அதை இழுக்காது. இறங்குதளம் பற்றி எனக்குப் பாடம் நடக்கவில்லை.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

மெல்லிய தகடு உடைந்து கம்பியைத் தாண்டும் என்ற விளக்கம் வேலிச் சோதனைக்குப் பொருந்துகிறது. அந்தக் கேள்வியை மூடி வைக்கிறேன். ஆனால் கேரன்?

தெரியாதவர்களுக்கு: ஷார்ப், கேரி பட்டியலில் இருந்த கற்களிலேயே பெரியது கேரன். 74 செ.மீ. நீளம், எடை 320 கிலோ என்று மதிப்பிட்டார்கள். ஏழு வருடமும் ஓர் அங்குலம் அசையவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் 170 மீட்டர் தடம் இருந்தது! ஆக, என்றோ ஒரு நாள் அது நகர்ந்திருக்கிறது. 1994 மே மாதத்துக்கு முன்னால் எப்போதோ இருந்த இடத்திலிருந்து காணாமலும் போய்விட்டது. லாரி, வின்ச் வைத்துத் தூக்கியிருந்தால் தரையில் காயம் இருந்திருக்கும், அதுவும் இல்லை. 1996-ல் மெஸ்ஸினாதான் திரும்பக் கண்டுபிடித்தார். 

2013-ல் ஜிபிஎஸ் மாட்டி நகர்ந்த கற்களில் கனமானது 16.6 கிலோ. பிள்ளைவாள் கணக்குப்படியே கனமான கல்லில் தகடு நொறுங்கும். 320 கிலோவை எது தள்ளியது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்விங்க. 320 கிலோவுக்கு இழுக்க 950 நியூட்டன் கிட்ட வேணும். கல்லோட அகலம் அரை மீட்டர்னா, 6 மி.மீ. தகடு மோதற பரப்பு 3,000 சதுர மில்லிமீட்டர். நல்லா உறைஞ்ச பனின்னா அந்த விசையைத் தாங்கும். இளகிக் கிடந்தா தாங்குமான்னு சொல்ல முடியாது. காத்துப் பக்கம் பாத்தா, 18 கி.மீ. காத்துல 130 மீட்டருக்கு 130 மீட்டர் தகடு வேணும். காத்து ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு, நீளம் அகலம் ரெண்டும் பாதியான தகடே போதும். முடியாத காரியம் இல்லீங்க. ஆனா தடிச்ச பனி, பெரிய தகடு, பலமான காத்து, மூணும் ஒரே நாள்ல சேரணும்.

---

மண்வாசகர் எழுதியது:

பெரிய பாறைகள் நகர்வதைத் தாங்கள் பார்க்கவில்லை என்பதை ரிச்சர்ட் நோரிஸும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். கேரன் மறைந்ததற்கு 1992-93-ன் குளிர்காலத்தைச் சந்தேகிக்கிறார்கள். அந்த வருடம் அங்கே வழக்கத்துக்கு மாறான ஈரம். அதே முறைதான், அளவு பெரியது என்பது என் எண்ணம். நேரில் பார்க்காதவரை எண்ணம்தான்.

இதைப் பார்க்கும் வாய்ப்பும் குறைந்துகொண்டு வருகிறது. லோரன்ஸும், அந்தக் குழுவிலேயே இருந்த பிரையன் ஜாக்சனும் பழைய பதிவுகளை ஒப்பிட்டு, 1970-களை விடக் கற்கள் நகர்வது குறைந்திருக்கிறது, இரவுகள் வெப்பமாகி வருவது காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். தண்ணீர் நிற்கும் நாளும் உறையும் இரவும் சேர்ந்து வருவது இனி இன்னும் அரிது.

---

யாழ்மைந்தன் எழுதியது:

இப்பிடி வேற இடத்திலயும் கிடக்கோ? ருமேனியாவில கல்லு வளருது, நடக்குது எண்டு ஒரு படம் வந்தது. அதுவும் இதுதானோ?

---

மண்வாசகர் எழுதியது:

அது டிரோவண்ட் கற்கள், தம்பி. மணற்பாறைக்குள் கனிமம் இறுகி உருண்டையாக உருவானவை. சுற்றியுள்ள இளகிய மணல் அரித்துப் போவதால் வெளியே தெரிகின்றன. அவை நடப்பதில்லை. இரண்டையும் ஒரே காணொளியில் ஒட்டிவிடுகிறார்கள்.

நகரும் கல் தடங்கள் வேறு இடத்தில் உண்டு. நெவாடாவின் பானி கிளேரை மேலே சொன்னேன். ஸ்பெயினிலும் ஒரு உப்புக் குளத்தில் பதிவாகியிருக்கிறது. அங்கே நுண்ணுயிர்ப் படலம் தரையை வழுவழுப்பாக்குகிறது, அத்தோடு காற்றும் நீரோட்டமும் என்று சொல்கிறார்கள். ஆகவே எல்லா இடத்துக்கும் பனியே விடை என்று நான் சொல்ல மாட்டேன். 

எனக்கு அதிகம் பிடித்தது இது: வடகிழக்கு அமெரிக்காவில் டைனோசர் காலடி பதிந்த ஒரு கற்பலகை பல காலமாக எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. காலடிகளுக்கு நடுவே ஒரு நீளக் கோடும் இருக்கிறது. அது நகரும் கல்லின் தடமாக இருக்கலாம் என்று 2019-ல் பால் ஓல்சன் சொன்னார். அப்படியென்றால் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்ப மண்டலம் என்று நினைத்த அந்த இடத்தில் ஒரு குளிர்காலத்திலாவது தண்ணீர் உறைந்திருக்க வேண்டும். ஒரு கோட்டிலிருந்து அந்த நாளின் வானிலையைப் படிக்க முயல்கிறார்கள்.

---

அகிலன்_77 எழுதியது:

ஐயா, இதைக் காணொளியாகப் போட்டால் அந்த மர்மக் காணொளியைவிட நன்றாக ஓடும்.

---

செல்லம்மா டீச்சர் எழுதியது:

முழுசும் படித்தேன். எட்டாம் வகுப்புக்கு உராய்வு நடத்தும்போது அந்த டப்பாச் சோதனையைச் செய்து காட்டலாம் என்று தோன்றுகிறது. பள்ளியில் குளிர்பதனப் பெட்டி உண்டு. அளவு என்ன, எப்படிச் செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

டீச்சர், நான் நேத்தே வீட்டுல செஞ்சு பாத்துட்டேனுங்க. நெல்லிக்காய் அளவு கல்லு எடுங்க. தட்டையான டிபன் டப்பாவுல கல்லை வெச்சு, கல்லோட தலை கொஞ்சம் வெளிய தெரியற அளவுக்குத் தண்ணி ஊத்தி, ராத்திரி ஃபிரீசர்ல வெச்சிருங்க. காலைல பனிக்கட்டியை எடுத்துக் கவுத்தா, கல்லோட நுனி கீழ பாத்து நீட்டிட்டு நிக்கும். அகலமான தாம்பாளத்துல அரை விரக்கடை மணலைப் பரப்பி, தண்ணி ஊத்தி அதுல மெதக்க விடுங்க. கல்லு மணலைத் தொட்டும் தொடாம இருக்கணும், அதுக்குத் தகுந்தாப்புல தண்ணியைக் கூட்டிக் குறைச்சுக்குங்க. பனி சின்னதா இருந்தா கல்லு கனத்துல முங்கிரும், அதனால டப்பா அகலமா இருக்கோணும். அப்புறம் பசங்களை ஒரு பக்கமா நின்னு ஊதச் சொல்லுங்க. ஃபேனை நிறுத்திருங்க, இல்லைன்னா பனி சீக்கிரம் கரைஞ்சு போயிருது.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

டீச்சர், கூடவே பனியில்லாத அதே அளவுக் கல்லையும் பக்கத்தில் வைத்து ஊதச் சொல்லுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாத சோதனை எனக்குச் செல்லாது.